பின்னால் நகர்ந்திருந்த சீட்

"ஆதாரம் மட்டும் கொண்டு வாங்க மேடம். மத்ததை நான் பார்த்துக்கறேன்."

மருந்துக்கடைக்காரர் மேசைமேல் ஒரு புகைப்படத்தை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. காட்டவும் வேண்டும், யாரும் பார்க்கவும் கூடாது என்பது போல விரல்கள் அதன் மேலேயே கிடந்தன.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு வயது ஐம்பத்தாறு. இருபத்திரண்டு வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளை விசாரித்துவிட்டு இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். வேலையை விட்டாலும் 'ஆபீசர்' என்ற பெயர் அவரை விடவில்லை. பக்கத்தில் நின்றவன் உதவியாளன். முப்பத்துநாலு வயது, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்து மூடியவன். எந்த இடத்தில் எதைச் சொல்லக் கூடாதோ அதைச் சரியாக அந்த இடத்தில் சொல்லுவான் என்பதால் எல்லோருக்கும் அவன் 'வெடி'.

ஆபீசர் அந்த விரல்களை மெதுவாக விலக்கிப் படத்தை எடுத்தார். ஒரு பெண்ணின் வயிறு. தொப்புளுக்குக் கீழே, வலப்பக்கம் முழுவதும் கத்தரிக்காய் நிறத்தில் படர்ந்திருந்தது.

"என் தங்கச்சி. நாப்பத்தோரு வயசு. ஸ்கூல் வேன் ஓட்டிட்டிருந்தா. நேத்துக் காலையில ஆஸ்பத்திரியில போயிட்டா. வயித்துச் சதைக்குள்ள ரத்தம் கசிஞ்சு கட்டி நின்னிருக்கு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு 'ஐயோ, விடு விடு'ன்னு அவ கத்தினதைக் கீழ்வீட்டம்மா கேட்டிருக்காங்க. நான் புகார் கொடுத்தேன். ஸ்டேஷன்ல அவ புருஷனே 'நான்தான் காரணம்'னு சொல்லிட்டான்."

"அவரே ஒத்துக்கிட்டார்னா அப்புறம் எங்களுக்கு என்ன சார் வேலை?" என்றான் வெடி.

"எப்படின்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறான். டாக்டர் அடியாவும் இருக்கலாம், அடி இல்லாமலும் இருக்கலாம்ங்கறாங்க. அஞ்சு மணிக்குள்ள எந்த வழக்குன்னு எழுதியாகணும்ங்கறார் இன்ஸ்பெக்டர்."

ஆபீசர் படத்தைத் திருப்பி வைத்தார். "தங்கச்சிகிட்ட கடைசியா எப்பப் பேசினீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"நாலு மாசமாச்சு. அவளுக்குக் காலில ரத்தக்கட்டி வந்திருந்துச்சு. நாள் பூரா உட்கார்ந்து ஓட்டற வேலை வேண்டாம், விட்டுடுன்னேன். தெரிஞ்சவன் சொல்றேன், கேட்கலை. அவனும் அவ பக்கமே பேசினான். அண்ணனா, வண்டியான்னு கேட்டேன். வண்டின்னுட்டா." புகைப்படத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். "அவ நம்பர்லேர்ந்து எதுவும் வராத மாதிரி தடுத்து வச்சேன். ரெண்டு நாள்ல வந்து நிப்பான்னு நினைச்சேன்."

அவர் படி இறங்கிப் போகும்வரை வெடி காத்திருந்தான். "ஆபீசர், இந்த மனுஷனுக்கு ஒரு குற்றவாளி வேணும். இல்லைன்னா இவர் நின்ன இடத்துலயே விழுந்துடுவார்."

"அதான் எனக்கும் பயம்" என்றார் ஆபீசர். "கிளம்பு."

* * *

ஆஸ்பத்திரி நடைபாதையில் டூட்டி டாக்டரைப் பிடித்தார்கள். சின்னப் பெண். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கிடைத்த நாலு நிமிடத்தை நின்றபடியே கொடுத்தாள்.

"காலில கட்டி வந்தவங்களுக்கு ரத்தம் சட்டுனு உறையாம இருக்க மாத்திரை கொடுப்போம். இல்லைன்னா அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறிடும். இவங்க ஒருவேளைகூட விடாம சாப்பிட்டிருக்காங்க. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையும் சரியா இருந்துச்சு. இதே மாத்திரையாலதான் எத்தனையோ பேர் நல்லா நடமாடறாங்க. ஆனா அபூர்வமா, ரொம்ப அபூர்வமா, அடியே படாம உள்ள கசியும். வயித்துத் தசைக்கு ஒரு உறை உண்டு. அதுக்குள்ள ஓடற ரத்தக்குழாய் பலமா இருமினாக்கூட அறுந்துடலாம். மத்தவங்களுக்குத் தானா அடைச்சுக்கும். மாத்திரை சாப்பிடறவங்களுக்கு நிக்காம போகலாம்."

"இருமல் இருந்துச்சா?"

"பத்து நாளா இருமல்னு வீட்டுக்காரர் சொன்னார்."

"அந்த நீல நிறத்தை வச்சு எப்ப ஆரம்பிச்சதுன்னு சொல்ல முடியாதா?"

"முடியாது. நிறம் வெளியில வர ஒரு நாள், ரெண்டு நாள்கூட ஆகும். வலி எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா சொல்லலாம். ஏழு மணிக்கு முன்னாடியே வலி இருந்ததுன்னு காட்டுங்க, அவர் கைபட்டு ஆரம்பிச்சதில்லைன்னு நானே எழுதித் தர்றேன்."

"கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா பிழைச்சிருப்பாங்களா?"

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றினாள். "பிழைச்சிருக்கலாம். நேரத்துக்கு வந்தும் போனவங்க இருக்காங்க. உறுதியா ஒரு பதில் சொன்னா அது பொய்."

* * *

ஸ்டேஷனில் பெஞ்சின் ஓரத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் ஏறிய இரண்டு கைகளையும் தொடைமேல் மல்லாக்க வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசர் எதையும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். அவராகவே பேச ஆரம்பித்தார்.

"நாற்காலியிலேர்ந்து எழுந்திருக்க முடியலைன்னா. பின்னாடி நின்னு இடுப்பைக் கட்டித் தூக்கினேன். மோட்டாரையே தூக்கற கைம்மா இது. அளவு தெரியலை. 'ஐயோ, விடு'ன்னு கத்தினா. விட்டுட்டேன். சதை பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லிச் சிரிச்சா. மறுநாள் சாயங்காலம் வெளுத்துப் போய் மயங்கினா. தூக்கிட்டு ஓடினேன். விடியறதுக்குள்ள..."

"இதை ஏன் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லலை?"

"சொன்னா விட்டுடுவாங்க."

வெடி ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துவந்து அவர் பக்கத்தில் வைத்தான்.

"செவ்வாய்க்கிழமை காலையில அவங்க எப்படி இருந்தாங்க?" என்று கேட்டார் ஆபீசர்.

"இருமிட்டே கிளம்பினா. நாலரைக்கு வந்தா, களைப்பா இருக்குன்னு உட்கார்ந்தா. வலின்னு ஒரு வார்த்தை சொல்லலைம்மா. வலிச்சிருந்தா என்கிட்ட சொல்லாம இருப்பாளா?"

வாசலுக்கு வந்ததும் வெடி பெருமூச்சு விட்டான். "ஒருத்தர் தண்டிக்கணும்ங்கறார், இன்னொருத்தர் தண்டிங்கங்கறார். ரெண்டு பேரும் இவ்வளவு ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்லை."

"ரெண்டு பேருக்கும் நடுவில காலையிலேர்ந்து மாலை நாலரை வரைக்கும் ஒரு வண்டி இருக்கு" என்றார் ஆபீசர். "அதைப் போய்ப் பார்ப்போம்."

* * *

துக்கத்துக்காக அன்று வண்டி ஓடவில்லை; வேன் ஷெட்டில் மஞ்சளாக நிழலில் நின்றது. ஷெட் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார். செவ்வாய்க்கிழமை குழந்தைகளை ஏற்றி இறக்கும் ஆயா லீவு. வண்டியில் பெரியவர்கள் யாருமில்லை. இருந்தவை ஐந்து, ஆறு வயதுப் பிஞ்சுகள் இருபத்திரண்டு. புதன்கிழமையிலிருந்து வண்டியை ஓட்டுபவர் மாற்று டிரைவர். கதவில் சாய்ந்து நின்றாலே தலை கூரையைத் தொடும் உயரம்.

ஆபீசர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கால் பெடலுக்கு எட்டவில்லை.

"நீங்க முதல் நாள் ஏறினப்ப சீட்டை எவ்வளவு பின்னால தள்ளினீங்க?"

"தள்ளவே இல்லையே மேடம். ஏறினேன், உட்கார்ந்தேன், ஓட்டினேன். எனக்குன்னே வச்ச மாதிரி இருந்துச்சு."

"கொடுத்து வச்ச ஆளு அண்ணே நீங்க" என்றான் வெடி. "நான் எந்த வண்டியில ஏறினாலும் முழங்கால் தாடையைப் பதம் பார்க்குது."

சொல்லி முடிப்பதற்குள் ஆபீசர் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது.

"அந்தம்மா உயரம் என்ன?" என்று முதலாளியிடம் கேட்டார்.

"குள்ளம். அஞ்சடிகூட இருக்காது. முதுகுக்கு ஒரு திண்டு வச்சு, சீட்டைக் கடைசி வரைக்கும் முன்னால இழுத்துப் போட்டு, ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடிச்ச மாதிரிதான் ஓட்டும்."

"திண்டு எங்கே?"

மாற்று டிரைவர் பின்சீட்டுக்கு அடியிலிருந்து அதை எடுத்தார். "இங்கேதான் கிடந்துச்சு. பெல்ட்டுல இதுவும் மாட்டியிருந்துச்சு." துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று. பெல்ட் இடுப்பை இறுக்காமல் தொய்வாக நிற்கும்படி தோள் பக்கத்தில் யாரோ அதைக் கவ்வ வைத்திருக்கிறார்கள்.

"செவ்வாய்க்கிழமை வண்டியை விட்டப்புறம் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்டதான். நாலு மணிக்குக் கொடுத்துச்சு. பெட்டியில வச்சுப் பூட்டினேன். மறுநாள் காலையில ஆறு மணிக்கு இவர் கையில நானே கொடுத்தேன்."

ஆபீசர் சீட்டை முன்னால் இழுத்துப் பார்த்தார். ஸ்டீயரிங் அடிவயிற்றை உரசியது. மறுபடியும் பின்னால் தள்ளினார். நுனிக்காலை நீட்டினால்தான் பிரேக் தட்டுப்பட்டது. ஐந்தடிக்கும் குறைவான ஒருத்தி, வயிற்றுக்குள் ரத்தம் கசியக் கசிய, நுனிக்காலால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு, இருபத்திரண்டு குழந்தைகளை ஒவ்வொரு வாசலாக இறக்கிவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.  ஆபீசர் இறங்கி வந்து போனை எடுத்தார்.

இன்ஸ்பெக்டரைப் போனில் பிடித்துச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை; ஏற்கவும் இல்லை. "சீட்டு வந்து சாட்சி சொல்லாது மேடம். பெருக்கறவங்க தள்ளியிருக்கலாம்னு ஒருத்தன் கேட்டா என்ன பதில்? அந்தம்மா வாயால 'வலிக்குது'ன்னு யார்கிட்டயாவது சொல்லியிருக்கணும். மணி இப்பவே மூணு."

போனை வைத்த அதே நொடியில் வண்டிக்குள் வேறொரு போன் அடித்தது. முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு பிடியில் மாட்டியிருந்தது. யாரோ ஒரு குழந்தையின் அம்மா, நாளைக்கு வண்டி வருமா என்று கேட்டாள். முதலாளி பதில் சொல்லி வைத்தார். "வண்டி போன். பெத்தவங்க பேசறதுக்குன்னு நான் வாங்கிக் கொடுத்தது."

வெடி கையை நீட்டினான். ரிப்பேர் கடைக்காரனின் விரல்கள் வழக்கம்போல ஓடின. செவ்வாய்க்கிழமைக்கு வந்ததும் நின்றன.

"ஆபீசர். காலையில பதினொண்ணு இருபதுக்கு ஒரு குரல் செய்தி போயிருக்கு. ஒண்ணேமுக்கால் நிமிஷம். போய்ச் சேர்ந்துடுச்சு. ஆனா அந்தப் பக்கம் யாரும் இன்னும் கேட்கவே இல்லை."

"யாருக்கு?"

"பேர் போடலை. வெறும் நம்பர்." தன் போனை எடுத்து அந்த எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினான். பாதி அழுத்தும்போதே திரையில் ஒரு பெயர் தானாக வந்து நின்றது. இன்று காலை ஒன்பது மணிக்கு அவனே பதிந்துவைத்த பெயர்.

மருந்துக்கடை அண்ணன்.

 தங்கை நம்பரைத்தான் அண்ணன் தடுத்து வைத்திருந்தார். வண்டி போனின் நம்பர் அவருக்குத் தெரியாது.

வெடியின் கட்டைவிரல் செய்திமேல் நின்றது. "கேட்டுடலாமா?"

"வேண்டாம். அவருக்கு அனுப்பினது. முதல்ல அவர்தான் கேட்கணும்."

"ஆபீசர், இதை நேரா இன்ஸ்பெக்டர்கிட்ட கொடுத்துடலாம். புருஷன் வெளியில வந்துடுவார். அண்ணனுக்குத் தெரியவே வேண்டாம். பாவம், அந்த மனுஷன் தாங்க மாட்டார்." அவன் இவ்வளவு நேரம் சிரிக்க வைக்காமல் பேசியதே இல்லை.

"இது அவர் போன்லயும் இருக்கு, வெடி. இன்னைக்கு இல்லைன்னா ஒருநாள், தனியா உட்கார்ந்திருக்கும்போது, இது என்னன்னு அழுத்திப் பார்ப்பார். அப்ப பக்கத்துல யார் இருப்பா?"

* * *

கடை திறந்திருந்தது. வீட்டில் உட்கார முடியவில்லை என்று வந்துவிட்டாராம். ஒரு பெரியவருக்கு மாத்திரை அட்டையைக் கொடுத்து, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"கிடைச்சுதா?"

"உள்ளே போய்ப் பேசலாம்" என்றார் ஆபீசர்.

பின்னறையில் மருந்து அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரே ஒரு ஸ்டூல். அவரை அதில் உட்காரச் சொல்லி, நம்பரைச் சொன்னார் ஆபீசர். அவர் தன் போனில் தேடினார்.

"இதுவா? செவ்வாய்க்கிழமை வந்தது. தெரியாத நம்பர். ஏதோ மருந்துக் கம்பெனி ஆளுன்னு விட்டுட்டேன். யார் இது?"

"உங்க தங்கச்சி. வண்டி போன்லேர்ந்து."

அவர் முகத்தில் ஒரு கணம் ஏதோ மலர்ந்தது. தங்கை தன்னிடம் பேச வந்திருக்கிறாள் என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வந்தது. செய்தியை அழுத்தினார்.

நின்ற வண்டியின் இன்ஜின் சத்தம். பிறகு இருமல்.

"அண்ணா, நான்தான். வச்சுடாதே. கோபத்தையெல்லாம் அப்புறம் வச்சுக்கோ. காலையில ஸ்கூல் வாசல்ல இருமினேன் அண்ணா, அடிவயித்துல வலது பக்கம் படக்குனு ஏதோ அறுந்த மாதிரி ஆச்சு. இப்பத் தொட்டுப் பார்த்தா கெட்டியா, ஒரு முட்டை மாதிரி இருக்கு. ஸ்டீயரிங் இடிக்குதுன்னு சீட்டைத் தள்ளிப் போட்டுட்டேன். கால் எட்ட மாட்டேங்குது, பார்க்கணும் நீ, சிரிப்பே." மறுபடியும் இருமல், அதன் முடிவில் ஒரு முனகல். "அந்த மாத்திரை சாப்பிடறேன்ல, அதனாலயா இருக்குமா? அவர்கிட்ட இன்னும் சொல்லலை, பயந்துடுவார். நீ போன்னா ஆஸ்பத்திரிக்குப் போறேன். இல்லைன்னா மத்தியானம் பிள்ளைங்களை விட்டுட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கறேன். எதுன்னாலும் ஒரு வார்த்தை சொல்லு அண்ணா. ரெண்டு மணி வரைக்கும் பார்க்கறேன்."

முடிந்தது. வெளியே கல்லாப் பக்கம் யாரோ "சார், சார்" என்று கூப்பிட்டார்கள். வெடி போய் "கடை இல்லைங்க" என்று சொல்லி, கதவை இழுத்துவிட்டு வந்தான்.

மருந்துக்கடைக்காரர் அழவில்லை. வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே நிதானக் குரலில் சொன்னார்: "உடனே போன்னு சொல்லியிருப்பேன். யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். தெருவில போறவங்க கேட்டிருந்தாக்கூட."

"தெரியும்."

"போயிருந்தா பிழைச்சிருப்பாளா?"

காப்பீட்டு வேலையில் இந்தக் கேள்வியை எத்தனையோ வாசல்களில் எதிர்கொண்டிருக்கிறார் ஆபீசர். இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் இந்த மனிதர் இன்றிரவு தூங்கக்கூடும்.

"டாக்டர்கிட்ட நானும் கேட்டேன். பிழைச்சிருக்கலாம்னாங்க. நேரத்துக்கு வந்தும் போனவங்க இருக்காங்கன்னாங்க. அதுக்கு மேல யாருக்கும் தெரியாது."

அப்போதுதான் அவர் உடைந்தார். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை போல விக்கி விக்கி அழுதார். வெடி என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முதுகில் கையை வைத்தான், எடுக்கவே இல்லை.

* * *

நாலரை மணிக்கு இன்ஸ்பெக்டர் அந்தக் குரலைக் கேட்டார். ஒருமுறைதான் கேட்டார். டாக்டரின் கடிதம் வந்து சேர்ந்தது. மருந்துக்கடைக்காரர் புகாரைத் திரும்பப் பெறும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெஞ்சின் முன்னால் போய் நின்றார்.

கணவர் தலை நிமிராமல் சொன்னார். "மச்சான், நான்தான் தூக்கினேன். அளவு தெரியாம தூக்கிட்டேன்."

"உன் கையால இல்லை மாப்பிள்ளை. காலையிலயே ஆரம்பிச்சுடுச்சு. இருமினப்ப."

"அப்ப என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ பயந்துடுவேன்னு." அவர் தன் போனை எடுத்துக் காட்டினார். "என்கிட்ட சொன்னா."

கணவர் இப்போது நிமிர்ந்தார். "உங்ககிட்டயா? நீங்க என்ன சொன்னீங்க?"

ஆபீசர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பதிலை அவர் கேட்க விரும்பவில்லை. ஆனாலும் கேட்டது.

"ஒண்ணும் சொல்லலை."

கணவர் வெகுநேரம் அவரையே பார்த்தார். அடிப்பாரோ என்று வெடி ஒரு எட்டு முன்னால் வைத்தான். கணவர் நகர்ந்து, பெஞ்சில் இடம் விட்டார். மருந்துக்கடைக்காரர் அதில் உட்கார்ந்தார். இருவர் தோளும் ஒட்டவில்லை, விலகவும் இல்லை.

பிணவறைக்கு நால்வரும் ஒன்றாகத்தான் போனார்கள். ஊழியர் ஜன்னல் வழியாகத் தாளை நீட்டி, "யார் வாங்கிக்கறீங்க?" என்றார்.

மருந்துக்கடைக்காரர் தாளை வாங்கிக் கணவர் பக்கம் தள்ளினார். "இவர்தான். வீட்டுக்காரர்."

கணவர் பேனாவை எடுத்தார்.  முதல் எழுத்திலேயே தாள் வழுக்கிக்கொண்டு போனது. மருந்துக்கடைக்காரர் குனிந்து, அது நகராதபடி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கையெழுத்து முடிய நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.